இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்

நம் துணைப் பொது ஒருங்கிணைப்பாளர் (பதவியின் நீளத்துக்கேற்ற சம்பளமோ, ஒருங்கிணைக்கக் கீழே ஓர் ஆளோ கிடையாது) கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய நாள் ஒரு தவறு செய்தார். மரியாதை காட்டினார்.

மேலாளர் கோட்டை மாட்டிக்கொண்டே அவர் மேசைக்கு வந்தார். "பண்டிகைக்குத் தனியா இருப்பீங்களாமே. நாளைக்கு மதியம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றீங்களா?"

வெளிநாட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. அவருக்குள்ளிருந்த ஒருவன் அந்தக் கணமே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டான். வெளியே இருந்தவரோ நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர். "ஐயையோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார்.

நம் ஆட்களின் கணக்கு தெரியுமல்லவா? கூப்பிட்டதும் தலையாட்டினால் சோற்றுக்கு அலைகிறவன் என்று பெயர். முதலில் மறுக்க வேண்டும். "அதெல்லாம் முடியாது, வந்தே ஆகணும்" என்பார்கள். மறுபடி கொஞ்சம் இழுக்க வேண்டும். அப்புறம் கையைப் பிடிப்பார்கள். நாமும் வேறு வழியே இல்லாதவர்போலப் போய், கேட்டு வாங்கிச் சாப்பிட்டு வருவோம்.

"ஓ, சரி. உங்க விருப்பம்" என்றார் மேலாளர். போயே போய்விட்டார்.

மறுபடி கேட்காமலா இருப்பார்? அந்த நம்பிக்கையில் அக்காவுக்குப் போன் போட்டு, விருந்துக்கு அழைப்பு வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் லிஃப்ட் வாசலில் மேலாளருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நாளைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்ல."

"நல்லதாப் போச்சு, நல்லாத் தூங்குங்க."

"வீட்டுல அடுப்புகூடச் சரியில்ல."

மேலாளர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அடுப்பு ரிப்பேர் செய்பவரின் நம்பரைக் கொடுத்தார்.

இதற்குள் அத்தான் குடும்ப குரூப்பில் செய்தி போட்டிருந்தார்: 'மச்சானுக்கு நாளை முதலாளி இல்லத்தில் விருந்து.' மேலாளர் முதலாளியாகி, வீடும் இல்லமாகியிருந்தது. பதிலுக்குக் கும்பிடும் கை எமோஜிகளாக வந்து குவிந்தன.

மறுநாள் தெருவில் ஆளில்லை, கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. விருந்தை நம்பி அவர் எதுவும் வாங்கி வைக்கவில்லை. ரொட்டிப் பாக்கெட்டில் ஓரத் துண்டுகள்தான் மிச்சம். ஆனாலும் சட்டையைத் தேய்த்துப் போட்டு, டை கட்டி, போனின் சத்தத்தை முழுதாக ஏற்றி வைத்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டுமே.

கூப்பிட்டது அக்கா. வீடியோ கால்.

எடுக்காமல் படியிறங்கி ஓடினார். குடியிருப்பின் முன்கூடத்தில் ஒரு கிறிஸ்துமஸ் மரம், அதன் அடியில் பளபளக்கும் காகிதம் சுற்றிய காலிப் பெட்டிகள். மரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அழைப்பை எடுத்தார்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சுக்கா. பிரமாதம்."

"என்னென்ன போட்டாங்க?"

"எல்லாந்தான்."

"மூஞ்சியப் பாத்தா சாப்பிட்ட மாதிரியே இல்லையே. நிஜமாச் சொல்லு."

"நிஜமாத்தான்க்கா."

அக்கா திரைக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "டேய், என்கிட்ட என்னடா? சாப்பிட்டியா, இல்லையா?"

அவரும் போனை முகத்தருகே கொண்டுவந்தார். "அக்கா..."

"கொடு இப்படி!" போன் அத்தான் கைக்குப் போனது. "போன் எடுத்ததுலருந்து சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு! விருந்து வீட்டுல இருக்கறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? மச்சான், முதலாளியக் கூப்பிடு, ஒரு வணக்கம் வச்சுக்கிறேன். சித்தப்பால்லாம் காத்துக்கிட்டிருக்காங்க பாரு."

திரைக்குள் சொந்தபந்தத்தின் தலைகள் முண்டின. அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்து, யாரோ ஒரு குடும்பம் பரிசுப் பைகளோடு சிரித்தபடி வெளியே வந்தது. அவர் அவர்களைப் பார்த்துக் கையாட்டினார். யாரென்று தெரியாமல் திகைத்த அவர்களும் கையாட்டிவிட்டு வாசலைத் தாண்டிப் போனார்கள்.

"அவங்கதான். அவசரமா வெளிய கிளம்பிட்டாங்க."

"அடேயப்பா! வீட்டையே உன்னை நம்பி விட்டுட்டுப் போறாங்களா! சரி சரி, நீ விருந்தைக் கவனி."

அத்தான் போனை அணைக்கும் பொத்தானைத் தேடினார். அவர் தோளுக்குப் பின்னால் அக்கா எட்டிப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பாக்களின் சிரிப்பில் அது காதில் விழவில்லை.