முன்னே போன ஹெல்மெட்

சந்தியில் வெள்ளைக்கோட்டைத் தாண்டி மோட்டார் சைக்கிளைத் திருப்பியதற்காக, அயல்வீட்டுக் குணநாயகம் அண்ணையின் லைசன்ஸைப் பொலிசார் வாங்கி வைத்துக்கொண்டு, அதுவரை ஓடுவதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்தில் நடக்கிற வீதி ஒழுங்கு வகுப்பில் இருந்தால் திருப்பித் தருவார்களாம். எட்டு மணிக்குப் படலையைப் பூட்டிவிடுவார்கள். இரண்டு தரம் தவறினால் வழக்கு.

திங்களில் ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். முதல் கிழமை அண்ணை ஒன்பதுக்குப் பிறகு புறப்பட்டு, பூட்டிய படலையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏழு மணிக்கே போய் வாசல்லை இருங்கோவன்," என்றா மனைவி ஞானாம்பிகை.

"பொலிஸ் வாசல்லை குந்தியிருந்தா ஊர் என்ன கதைக்கும்?"

அதைச் சொல்லும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை ஏன் பார்த்தாரோ தெரியாது.

நேரம் சரியில்லாவிட்டால், கொண்டுபோகிற பொருளொன்றை நல்ல நேரத்தில் முன்னே அனுப்பிவிடலாம். பயணம் அப்போதே தொடங்கியதாகிவிடும். அடுத்த திங்கள் ஏழு மணிக்கு, மருதனார்மடம் சந்தைக்குப் புறப்பட்ட என்னிடம் அண்ணை ஒரு பையைத் தந்தார்.

"தங்கச்சி, இதை வகுப்பு வாசல்லை குடுத்துவிடும். உள்ளை பாக்க வேண்டாம்."

பார்த்தேன். அவருடைய ஹெல்மெட். கொடுத்துவிட்டு, கத்தரிக்காயை மறந்து எதிர்க்கடையில் நின்றேன்.

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, அண்ணை வெறுந்தலையோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஹெல்மெட் எங்கை ஐயா?" என்றார் வாசலில் நின்ற சார்ஜன்ட்.

"அது ஏழு மணிக்கே வெளிக்கிட்டு வந்திட்டுது."

ஹெல்மெட் இல்லாமல் ஓடியதற்கு இன்னொரு வகுப்புக்கு வரச்சொல்லி, சார்ஜன்ட் இரண்டாவது சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அவரை உள்ளே விட்டார்.

"உதுக்குச் செவ்வாய்க்கிழமை வகுப்பு இல்லையோ?" என்று அண்ணை மெல்லக் கேட்டார்.

"இல்லை ஐயா. திங்கள்தான்."