தொண்டர் பக்கம்

சூதாட்டக் கடைகள் பெருகிய பகுதிகளுக்கென்று அரசாங்கம் கவுன்சிலுக்கு நிதி கொடுத்திருந்தது. அந்த நிதியில்தான் தெற்கு லண்டன் நூலகமொன்றின் பின்னறையில் செவ்வாய்தோறும் கூட்டம் நடந்தது. சூதாட்ட மிஷின் விளையாட்டை விட முடியாத தமிழ் ஆண்கள் வந்து பேசலாம். நடத்தியவள் பெனிற்றா, மன்னார்க் குடும்பத்துப் பெண், கவுன்சில் ஊழியர்.

வாசலில் ஒரு தாள் இருக்கும். இடப்பக்கம் ‘உதவி தேடி வந்தவர்’, வலப்பக்கம் ‘தொண்டர்’. முதல் நாள் யோகலிங்கம் பேனாவோடு சற்று நின்று, வலப்பக்கம் எழுதினார். பிறகு கதிரைகளை வட்டமாக வைக்கத் தொடங்கினார். பின்னால் வந்த ஆறு பேரும் அவர் பெயருக்குக் கீழேயே எழுதினார்கள். ஒருவர் தேநீருக்குக் கேத்தில் போட்டார், ஒருவர் மேசை துடைத்தார்.

“உதவி செய்ய இத்தினை பேர். கேக்கத்தான் ஆளில்லை” என்றார் அவர்களில் ஒருவரான ஆனந்தராஜா. எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகுதான் பேச்சு வந்தது, ‘எனக்குத் தெரிஞ்ச ஒராள்’ என்று. யோகலிங்கத்துக்குத் தெரிந்த ஆள் மிஷினில் வீட்டையே தோற்றிருந்தார். மனைவியும் மகளும் சவுத்தாலுக்குப் போய்விட்டார்கள். கிழமை முழுவதிலும் அவர் வாய் திறந்து பேசுவது செவ்வாயில் இந்த ஒரு மணித்தியாலம்தான்.

மார்ச்சில் கவுன்சில் கணக்கெடுத்தது. தொண்டர் ஏழு பேர். உதவி தேடி வந்தவர் எவருமில்லை. இடப்பக்கம் மூன்று பெயராவது வேண்டும், இல்லாவிட்டால் அறை மூடப்படும் என்று பெனிற்றா ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துச் சொன்னாள். அடுத்த செவ்வாய் யோகலிங்கம் மட்டும் வந்தார். ஏழு கதிரைகளையும் வைத்தார்.

“அங்கிள், நீங்களாவது இந்தப் பக்கம் எழுதுங்கோ. வெளியிலை போகாது.”

“பிள்ளை, விம்பிள்டன் கோயிலிலை என்னைத் தெரியாத ஆளில்லை. மகளுக்குக் கலியாணம் பேசுகினம்.”

அவள் வற்புறுத்தவில்லை. நேரம் முடியும்வரை இருவரும் கதவைப் பார்த்திருந்தார்கள். கதிரைகளை அடுக்கிய பின் யோகலிங்கம் தாளருகே போய், இடப்பக்கம் தன் முழுப் பெயரை எழுதினார்.

“மற்ற ரெண்டு பேர்?” என்று கேட்டார்.

பெனிற்றா தாளை எடுத்துக் கோப்பில் வைத்தாள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய் யோகலிங்கம் பழக்கத்தில் வந்தார். கதவு பூட்டியிருந்தது. மழை தூறியது. எதிரே மிஷின் கடை திறந்திருந்தது. உள்ளே சூடாக இருந்தது. அங்கே வேலை செய்யும் பெண் தேநீரைக் கொண்டுவந்து ஒரு மிஷினருகே வைத்தாள். காசு கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை.

கோணலாகக் கிடந்த பக்கத்துக் கதிரையை நேராக வைத்துவிட்டு, அவர் உட்கார்ந்தார்.