அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

வீட்டுத் தரகர் போர்ட் அகஸ்டாவிலிருந்து ஒரே ஒரு தடவைதான் வந்தார். அத்தனை தூரம் காரோட்டி வந்த களைப்பில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். குன்றைக் குடைந்து கட்டிய அந்த வீட்டின் நான்கு அறைகளையும் படம் எடுத்தார். "கொஞ்சம் சுத்தம் பண்ணி வைங்க, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் பேசவேயில்லை. நெவென்கா இரண்டு முறை போன் செய்து பார்த்தாள். மறுபடியும் செய்ய அலுப்பாக இருந்தது.

"நாமளே வித்துக்கலாம்" என்றாள் கணவனிடம்.

மிர்கோ காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த ஊர்ல வீடு வாங்க நெனச்சவனெல்லாம் போன வருஷமே செத்துட்டான்."

"அப்ப உயிரோட இருக்கிறவனுக்கு விப்போம். எந்திரி."

கூபர் பீடி என்ற இந்தப் பாலைவன ஊரில் அவர்கள் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டார்கள். மிர்கோ ஓப்பல் என்ற ரத்தினக்கல்லைத் தோண்ட வெளிநாட்டிலிருந்து வந்தவன். தோண்டியதில் கொஞ்சம் கிடைத்தது. கிடைத்தது மறுபடியும் தோண்டுவதற்கே போனது. தூசி மட்டும் அவன் நுரையீரலோடு தங்கிவிட்டது. இப்போது பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்விடுங்கள், இனிமேல் தூசி ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடிலெய்டில் இருந்த மகள் சான்யா தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன குடியிருப்பைப் பார்த்து வைத்திருந்தாள். இந்த வீடு விற்றால்தான் அதற்கு முன்பணம் கட்ட முடியும்.

மகள் போனில் உத்தரவு போடுவாள். "அம்மா, சாமானைக் குறை. வீட்டுக்குள்ள வர்றவங்களுக்கு அவங்க வீடு மாதிரி தோணணும். மாமா, சித்தப்பா போட்டோவெல்லாம் கழட்டு. அந்தப் புளிக்கவச்ச முட்டைக்கோஸ் பீப்பாய வெளிய வை. வாசல்லயே வாடை அடிக்கும்."

"உனக்கு அதைச் சாப்பிட்டு வளர்றப்போ வாடை அடிக்கலையா?"

"அடிச்சுது. அப்ப நான் வாங்க வரலையே."

நெவென்கா போட்டோக்களைக் கழற்றினாள். பீப்பாயை உருட்டிக் கொண்டுபோய் வெளியே வைத்தாள். முற்றத்தில் ஓடாத வண்டிகள் இரண்டு, துருப்பிடித்த டிரம்கள், குழாய்கள், எதற்கென்று யாருக்கும் நினைவில்லாத ஒரு இரும்புச் சக்கரம். எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரன் வந்து ஏற்றிப் போகும்வரை மிர்கோ நாற்காலியில் உட்கார்ந்து, "அது வேணும், அது வேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் காதில் வாங்கவில்லை.

மிகவும் கஷ்டமான வேலை சுவர்கள்தான். இந்த ஊர்ப் பாறைச் சுவர் சும்மா இருந்தாலே உதிரும். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால்தான் தூசி அடங்கும். முதலில் துடைப்பத்தால் கூரையிலிருந்து தரைவரை பெருக்கி, காயவிட்டு, இரண்டு பூச்சுப் பூச வேண்டும். அறுபத்தாறு வயதில் ஏணிமேல் நின்று கூரையைப் பார்த்துப் பிரஷ் இழுத்தால் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் இருக்கும். பசைத் தண்ணீர் முழங்கை வழியாக அக்குள் வரைக்கும் ஒழுகும். ராத்திரி படுத்தால் கை தன்னால் மேலும் கீழும் போகிற மாதிரி ஒரு பிரமை. சமையலறை முடிந்தது. கூடம் முடிந்தது. சின்ன அறையும் முடிந்தது. "நானும் பூசறேன்" என்று மிர்கோ வந்தால் இருமல்தான் மிஞ்சியது. அதனால் அவனுக்குப் பலகை எழுதும் வேலையைக் கொடுத்தாள்.

பழைய கார் ஒன்றின் பானெட்டை எடுத்து அதன்மேல் சிவப்பு பெயிண்டில் 'வீடு விற்பனைக்கு, உரிமையாளரே விற்கிறார்' என்று எழுதி, போன் நம்பரும் போட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பி கட்டி நிறுத்தினான். எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரோவேனா என்ற பெண் நேராகக் கதவைத் தட்டினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பிலிப்பைன்ஸ்காரி, சீருடையிலேயே வந்திருந்தாள்.

"போன் பண்ணிட்டுத்தான் வரலாம்னு பாத்தேம்மா. யாரோ முடி வெட்டுற கடைக்காரர் எடுக்கிறாரு. 'இது இருபதாவது போன், எங்கிட்ட வீடு இல்ல'ன்னு கத்துறாரு. அதான் ஊர்ல விசாரிச்சு நேரா வந்துட்டேன்."

நெவென்கா மிர்கோவைப் பார்த்தாள். அவன் ஒன்று என்ற எண்ணைத் தன் சொந்த நாட்டு வழக்கப்படி நீளமாக மூக்கு வைத்து எழுதுவான். பலகையைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதை ஏழு என்று படித்திருக்கிறார்கள்.

"எங்க நாட்டுல அது ஒண்ணுதான்" என்றான் மிர்கோ.

"உங்க நாட்டுலயா வீடு விக்கறோம்?" என்றாள் நெவென்கா.

ரோவேனா சிரித்துவிட்டாள். வீட்டை நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். அவளும் புருஷனும் ஒரு தகரக் கூரை வாடகை வீட்டில் இருந்தார்கள். கோடையில் ராத்திரி டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்க முடியவில்லை. இங்கே இருட்டும் குளிர்ச்சியும் அவளுக்குப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். பெரிய படுக்கையறையில் மட்டும், "இந்த அலமாரி இருக்கட்டுமா, எடுத்துட்டுப் போவீங்களா?" என்று கேட்டாள்.

"எடுத்துருவோம். இன்னும் இந்த அறைக்குப் பசை பூசல. பூசிட்டுச் சொல்றேன், புருஷனோட வா."

அடுத்த நாள் இருவருமாக அந்த அலமாரியை நகர்த்தினார்கள். வந்த புதிதில் வைத்தது, ஒருநாளும் நகர்த்தியதில்லை. இழுத்ததும் பின்பக்கச் சுவரிலிருந்து ஒரு கூடை அளவு கல்லும் மண்ணும் சரிந்து தரையில் விழுந்தது. தூசி அடங்கியபின் மிர்கோ டார்ச் எடுத்து வந்தான். முழங்கால் உயரத்தில் விரல் தடிமனுக்குச் சாம்பல் நிறக் கோடு ஒன்று படுக்கைவசமாக ஓடியது. வண்ணமில்லாத வெறுங்கல்தான். ஆனால் அந்த வெறுங்கல் ஓடுகிற இடத்தில்தான் ஓப்பலும் ஓடும்.

அவன் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"வேண்டாம்" என்றாள்.

"ஒண்ணும் செய்யல. பாக்கறேன்."

"பாக்காத. பசை கரைச்சு வச்சிருக்கேன்."

மறுநாள் அவள் கடைக்குப் போய் வந்தபோது சுவரில் தலை நுழையும் அளவுக்குப் பொந்து இருந்தது. ஊருக்குள் தோண்டக் கூடாது. மெஷின் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரன் முதலில் வருவான். அதனால் மிர்கோ கைப் பிக்காசை எடுத்திருந்தான். இரண்டு கொத்து, ஒரு நீண்ட மூச்சு. இரண்டு கொத்து, ஒரு இருமல். அவள் பூசி முடித்திருந்த கூடத்திலும் சமையலறையிலும் இளஞ்சிவப்புத் தூசி மெல்லிசாகப் படிந்திருந்தது. கழுவி அடுக்கிய தட்டுகளின்மேல்கூட.

நெவென்கா கத்தவில்லை. கத்துவதற்கும் தெம்பு வேண்டும். ஈரத் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

சத்தமில்லாமல் தோண்டினாலும் சேதி பரவிவிட்டது. தியோ என்ற கிரேக்கக் கிழவர் பீர் பாட்டிலோடு வந்து சேர்ந்தார். அவரும் ஒரு காலத்தில் ஓப்பல் தோண்டியவர்.

"என்னப்பா, வீட்டை விக்கிறதுக்கு முன்னாடி பெருசாக்குறியாமே?"

"ஒரு ரூம் சேத்துக் கொடுத்தா விலை கூடும்ல" என்றான் மிர்கோ, மூச்சு வாங்கியபடி.

"ஆமா ஆமா. எங்க வீட்லயும் அப்படித்தான் சேத்தேன். இப்ப பதினோரு ரூம். பொண்டாட்டி எந்த ரூம்ல இருக்கான்னு தேடிப் பாத்தேன், அவ எப்பவோ மெல்போர்ன் போயிட்டா."

இருவரும் சிரித்தார்கள். மிர்கோவின் சிரிப்பு பாதியில் இருமலாக மாறி நிற்காமல் போயிற்று. தியோ பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "நெவென்கா, கோடு நல்லாத்தான் ஓடுது. ஒரு வாரம் விட்டுப் பாரேன்."

"நீங்க உங்க வீட்டுக்குப் போங்க தியோ. அந்தப் பதினோரு ரூம்ல ஒண்ணுல இவனையும் வச்சுக்கங்க."

அந்த வாரம் புருஷனோடு வருகிறேன் என்று ரோவேனா போன் செய்தாள். நெவென்கா வேலை முடியவில்லை என்று தள்ளிப்போட்டாள். படுக்கையறையில் ஒரு ஆள் குனிந்து நிற்கும் அளவுக்குக் கோணல்மாணலாக ஒரு குழி. அதை யாரிடம் காட்டுவது? சான்யா போனில் அழுதாள். "அப்பாகிட்டக் குடும்மா" என்றாள். கொடுத்தால் அவன், "இன்னும் ரெண்டு நாள் கண்ணு" என்றான். எத்தனையோ வருடமாக அவன் சொல்லும் பதில் அது ஒன்றுதான்.

ரெண்டு நாள் முடியவில்லை. வியாழக்கிழமை காலையில் கொத்தும் சத்தம் நின்று, இருமலும் நின்று, ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிக்காசைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ரோவேனாதான் டியூட்டி. ஆக்சிஜன் முகமூடி மாட்டி, முதுகைத் தட்டி, அவன் நகத்தில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தாள். வீட்டைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்க போய்த் தூங்குங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

நெவென்கா தூங்கப் போகவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் குழியின் முன்னால் கட்டிலில் உட்கார்ந்தாள். குழியை மூட மண் போதாது, மூடினாலும் நிற்காது. ஒரே வழி, விளிம்புகளை நேராகச் செதுக்கி, துணிமணி வைக்கும் உள்ளறைபோல் ஆக்கிவிடுவது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பிக்காசை எடுத்தாள். அன்றும் மறுநாளும் செதுக்கினாள். முதலில் இடதுபக்கம் நேரானது. அப்புறம் கூரை. சில சமயம் பிக்காசைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே படுத்துக்கொண்டாள். குளிர்ந்த பாறை முதுகுக்கு இதமாக இருந்தது.

வலதுபக்க மூலையைச் சரிசெய்யும்போது ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. பெயர்ந்த இடத்தில் பச்சை தெரிந்தது.

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். பச்சைக்குள் சிவப்பு. தலையை அசைத்தால் சிவப்பு ஓடிப் பச்சைக்குள் ஒளிந்துகொண்டது. கட்டைவிரல் நகம் அளவுதான் வெளியே தெரிந்தது. மீதி உள்ளே போனது. எவ்வளவு தூரம் போகிறது என்று தோண்டாமல் சொல்ல முடியாது.

மேலும் தோண்டிப் பார்க்கத் தோன்றியது அவளுக்கு. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவன் கூப்பிட்டுக் காட்டும்போதெல்லாம், "நல்லா இருக்கு" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனவள் அவள். இன்று தனியாக, தன் கையால். பிக்காசின் கூர்முனையைக் கோட்டுக்கு மேலே வைத்தாள். ஒரே ஒரு கொத்துப் போதும். இன்னும் நாலு விரல்கடை போனால் தெரிந்துவிடும். ஒன்றுமில்லாமல் முடியலாம், வாளி நிறையவும் வரலாம். முன்பு ஒரு தடவை நாலு விரல்கடை என்று ஆரம்பித்துத்தான் ஒரு குளிர்காலம் முழுக்கப் போயிற்று. சான்யாவின் பள்ளிக்கூட விழாவுக்கு அவன் வராமலிருந்தது அந்தக் குளிர்காலத்தில்தான்.

வெகுநேரம் அப்படியே முட்டிபோட்டு இருந்தாள். முட்டி மரத்துப்போனது. அவளுக்கு அந்தக் கல் வேண்டாம் என்றில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவளிடம் தெம்பு இல்லை. இருந்தால் அவன் போக மாட்டான். இல்லையென்றாலும் இன்னொரு பக்கம் பார்ப்போம் என்பான்.

எழுந்து போய் மண்ணைப் பசைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து வந்தாள். அந்த இடத்தில் அப்பி, உள்ளங்கையால் தேய்த்துச் சமமாக்கினாள். காய்ந்ததும் மேலே பசை பூசினாள். மற்றச் சுவர்களுக்கு இரண்டு பூச்சு. அதற்கு மட்டும் மூன்று.

ஆஸ்பத்திரியில் மிர்கோ முகமூடியை விலக்கிவிட்டு முதலில் கேட்டது அதைத்தான். "கோடு எங்க போகுதுன்னு பாத்தியா?"

"பாத்தேன். வலது மூலையில முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சா? நல்லாப் பாத்தியா, நேவா?"

"டார்ச் அடிச்சுப் பாத்தேன்."

அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். அவன் எழுந்து சண்டை போடுவான், நீ என்னத்தைக் கண்டாய் என்று கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். ஆனால் அவன், "சரி, விடு" என்றான். மூச்சு விட்டான். "எனக்கும் முடியல." அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். அவள் நகத்திலும் மண் இருந்தது. அதைப் பார்த்தான், கட்டைவிரலால் மெல்லத் துடைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ரோவேனா புருஷனோடு வந்தாள். புது உள்ளறையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "துணிக்கா இது? எவ்ளோ நேரா செதுக்கியிருக்கீங்க!" புருஷன் சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ள ஓப்பல் இருக்குமோ?" என்று விளையாட்டாகக் கேட்டான்.

நெவென்காவுக்குப் பொய் சொல்ல மனமில்லை. "இந்த ஊர்ல எந்தச் சுவர்லயும் இருக்கலாம், தம்பி" என்றாள். "தோண்டினாத்தான் தெரியும். என் புருஷன் ஆஸ்பத்திரில கெடக்குறான்ல? அதான் தோண்டினா கெடைக்கிறது."

ரோவேனா புருஷனின் கையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள். "இவரு தோண்டட்டும், நான் ஊருக்கே போயிடுவேன்" என்றாள். விலை பேச அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு பக்கமும் களைத்திருந்தார்கள். ரோவேனா கேட்ட விலைக்கும் நெவென்கா சொன்ன விலைக்கும் நடுவில் ஒன்று முடிவானது. முட்டைக்கோஸ் பீப்பாயையும் ரோவேனாவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கிளம்பும் அன்று நெவென்காதான் காரை ஓட்டினாள். மிர்கோ பக்கத்து சீட்டில் ஆக்சிஜன் உருளையைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு, வழியில் பிம்பா என்ற ஊர் வருவதற்குள் தூங்கிவிட்டான்.

அடிலெய்டில் முதல் மாதம் இருவருக்கும் எதுவும் பிடிபடவில்லை. ஜன்னல் வழியாக விடிகாலையிலேயே வெளிச்சம் வந்து கண்ணைக் குத்தியது. அவள் கறுப்புத் துணி தைத்துத் தொங்கவிட்டாள். ஒரு மத்தியானம் இருவரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது மிர்கோ திடுக்கிட்டு எழுந்து அவளை உலுக்கினான்.

"யாரோ மேல கல்லெறியுறான். எந்திரி, எந்திரி!"

அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். கூரைத் தகரத்தின்மேல் தடதடவென்று சத்தம்.

"மழைடா, கிழவா" என்றாள்.

குகைக்குள் வாழ்ந்த காலமெல்லாம் மழைச் சத்தம் கேட்டதேயில்லை. அவன் நம்பாமல் கறுப்புத் துணியை விலக்கிப் பார்த்தான். பிறகு திரும்ப வந்து படுத்தான். "நிக்குமா இது?" என்று கேட்டான். அவள் மறுபடியும் தூங்கிப்போயிருந்தாள்.