மேசையின் எந்தப் பக்கம்

மேசைக்கு இடப்பக்கம் மயிலம்மாவும் இன்னும் நான்கு பெண்களும். வலப்பக்கம் கம்பனி முகாமையாளரும் புதுக்கடைச் சட்டத்தரணி நாகேந்திரமும். நடுவில் பிரதி அமைச்சர் புஷ்பராஜ். இருபது வருடமாகத் தொழிற்சங்கத் தலைவராக மயிலம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாதாடிய மனிதருக்கு, நடுவில் உட்காருவது இன்னும் பிடிபடவில்லை. கம்பனிக்காரர் பேசினால் பதிலடி கொடுக்க வாய் துறுதுறுக்கிறது. தனக்கு இப்போது பக்கம் எதுவும் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

விஷயம் சின்னது என்றுதான் அதிகாரிகள் சொன்னார்கள். அலுவலகங்களுக்குத் துப்புரவுக்கு ஆள் அனுப்பும் கம்பனி, சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எல்லோரும் கொட்டாஞ்சேனைக்காரர்கள்; தேர்தலில் புஷ்பராஜுக்காக வீடு வீடாக ஏறி வாக்குக் கேட்டவர்கள். அவர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லும் அதிகாரம் இன்று அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் காலையில் வெள்ளவத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போதே பெரிய அமைச்சர் தொலைபேசியில் சொல்லிவிட்டார், முடிவு சொல்லக் கம்பனிக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்துப் பேச்சை முடித்துவிடும்படி. பதவியில் இருந்தால்தானே நாளைக்காவது நல்லது செய்யலாம் என்று, கார் கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்வரை அவருக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று எத்தனை பேரை மேடையில் கிண்டலடித்திருப்பார்!

நாகேந்திரம் வார்த்தைக்கு வார்த்தை 'ஓம் சேர்' போட்டாரே தவிர, அவகாசத்துக்கு மேல் எதற்கும் இணங்கவில்லை. மயிலம்மா அவரை விட்டுவிட்டுப் புஷ்பராஜின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. எங்களுக்கு வேலை இருக்கா, இல்லையா?"

தலைவரே என்று கூப்பிட்டுப் பழகிய வாய் ஐயா என்றது. அவருக்குச் சுருக்கென்றது.

"ஒரு மூணு மாசம் பொறுங்க மயிலம்மா." சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"அதுவரைக்கும் அடுப்பு பொறுக்குமாங்க?"

மயிலம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். மற்ற நால்வரும் எழுந்தார்கள். பேச்சு முறிந்தால் வாக்குவாதம் கூடாது, ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுந்து வாய் திறக்காமல் வெளியேற வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். அதைப் பழக்கியவரே புஷ்பராஜ்தான்.

முகாமையாளர் திருதிருவென்று விழித்தார். "சேர்?" என்றார் நாகேந்திரம். தானும் எழுந்து நிற்பது அப்போதுதான் புஷ்பராஜுக்குத் தெரிந்தது. யாரைக் கேட்டு எழுந்தன இந்தக் கால்கள்? திரும்ப உட்கார்ந்தால் இந்தப் பெண்களின் முகத்தில் இனி விழிக்க முடியாது. வெளியே நடந்தால் மாலைக்குள் பதவி போய்விடும். எது சரி என்று யோசிக்க முயன்றார், ஒன்றும் ஓடவில்லை.

பெண்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கடைசியாகப் போன மயிலம்மா, கதவைச் சாத்தாமல் ஒரு கையால் பிடித்தபடி நின்றாள்.