பூட்டிய எழுத்துகள்

முதல் தடவை அச்சகத்திலிருந்து அந்தத் தாள் வந்தபோது அவள் சந்தேகப்பட்டது தன்னைத்தான். தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கையேட்டுக்கு அவள் வரைந்த படம் அது. கோடுகள் ஒழுங்காக இருந்தன. பாகங்களின் பெயர்கள்தான் சிதைந்து கிடந்தன: கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். அவசரத்தில் தானே கெடுத்துவிட்டோமோ என்று கோப்பைத் திறந்து பார்த்தாள். அவளுடைய திரையில் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது படமும் அப்படியே வந்ததும் அலுவலகத்தை நடத்தும் மேடம் இருவரையும் கூப்பிட்டார்.

"இன்னொரு தாள் இப்படி வந்தா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யாருன்னு நீங்களே பேசிக்குங்க."

மற்றவருக்கு அவள் வைத்திருந்த பெயர் பூனை. பக்கங்களை அமைத்து, அவள் தரும் படங்களைப் பொருத்தி அச்சகத்துக்கு அனுப்புபவர். அலுவலகத்துக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு சாக்ஸோடு நடமாடுவார். பின்னால் வந்து நிற்பதே தெரியாது.

"எங்கிட்ட சரியாத்தான் இருந்தது," என்றார் பூனை.

அதுதான் உறுத்தியது. அவளிடமும் சரி, அவரிடமும் சரி என்றால் நடுவில் கைவைத்தது யார்? அதே பக்கத்தில் பூனை அமைத்த வரிகள் பிசகில்லாமல் வந்திருந்தன. கெட்டது அவளுடைய பெயர்கள் மட்டும். அவள் வந்து சில மாதம்தான் ஆகிறது. இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அவரோ மேடத்தோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவர்.

மூன்றாவது படத்துக்குப் பூட்டுப் போட்டாள். எழுத்துகளையெல்லாம் வெறும் உருவங்களாக மாற்றினாள். இனி அவை வட்டம், கட்டம் மாதிரிதான். உள்ளே புகுந்து யாரும் எதையும் மாற்றி அடிக்க முடியாது. பூனையிடம் இதைச் சொல்லவில்லை.

படம் பளிச்சென்று அச்சாகி வந்தது.

அவள் நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். "அவர் தொட முடியாதபடி பூட்டினேன் மேடம். சரியா வந்திருக்கு. பூட்டாததுதான் கெட்டுப்போகுது."

மேடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷமா கூட இருந்த மனுஷன்," என்றார். பிறகு, "காலையில பேசி அனுப்பிடறேன்."

அன்று மாலை வீட்டில் அண்ணி படங்களைக் காட்டச் சொன்னாள். அலுவலகக் கணினியிலிருந்து தனக்கே அனுப்பி வைத்திருந்த முதல் படத்தை அவள் அண்ணியின் கணினியில் திறந்தாள்.

"என்னடி இது, கையும் காலும் தனித்தனியா கிடக்கு?" அண்ணி சிரித்தாள். "உங்க பூனை நம்ம வீட்டுக்கும் வந்துட்டுப் போச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பிரதி பூனையின் கைக்குப் போனதே இல்லை. பெயர்களுக்கு அவள் பயன்படுத்திய எழுத்துரு அண்ணியின் கணினியில் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. பூனையின் கணினியில் இருக்கிறது. வந்த புதிதில் அவளே போட்டுக் கொடுத்தாள். அச்சகத்தில் இருக்க வழியில்லை; பூனையின் வரிகள் அங்கேயும் இருக்கும் வேறு எழுத்துருவில். ஆக, படத்தோடு எழுத்துரு போகவில்லை, அதன் பெயர் மட்டும் போகிறது. அது இல்லாத இடத்தில் கணினி கைக்குக் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றிவிடுகிறது. அவள் போட்ட பூட்டு திருடனைத் தடுக்கவில்லை. எழுத்தைக் காப்பாற்றியது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவள் போவதற்குள் பூனை மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். மேடம் வாசலில் நின்றிருந்தார். அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நேத்து இவர்தான்னு சொன்னே. இப்ப ஃபாண்ட்டுங்கறே," என்றார் மேடம். "அப்ப நான் யாரை வீட்டுக்கு அனுப்பறது? ஃபாண்ட்டையா?"

"என்னை அனுப்புங்க மேடம்."

பூனை நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். "பூட்டாத படம் ஒண்ணை நீயே நேரா அச்சகத்துக்கு அனுப்பு. நான் எதையும் தொடல."

அனுப்பினாள். அச்சகத்துத் திரையின் புகைப்படம் மேடத்தின் கைபேசிக்கு வந்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்க. இனிமே எல்லாப் படத்தையும் பூட்டியே அனுப்பு."

"சார், மன்னிச்சிடுங்க," என்றாள் அவள்.

பூனை தலையை மட்டும் அசைத்தார். சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மேசையில் அடுக்கினார்.

அன்றிலிருந்து அவர் ஷூவைக் கழற்றுவதில்லை. அவள் பக்கம் வரவேண்டியிருந்தால், அறையின் அந்தக் கோடியிலிருந்தே டக் டக்கென்று அழுத்தி மிதித்து வருகிறார், அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி.