பின்பக்க பால்கனி

ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தப் பன்னிரண்டு வீட்டு அபார்ட்மென்டுக்குத் தலைவர் ஜெயவேலு. தேர்தல் கீர்தல் ஒன்றும் நடக்கவில்லை. கட்டடம் நிற்கிற மண் அவருடைய அப்பாவுடையது, பில்டர் கொடுத்த வீட்டில் முதல் மாடியில் அவரே குடியிருக்கிறார், வாயும் கொஞ்சம் நீளம். ஒரு தலைவருக்கு இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் நிறுத்துகிற இடத்தில் கூட்டம். வாட்ச்மேன் துரையை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்பது ஒன்றுதான் விஷயம். அனுப்பிவிடுவது என்று ஜெயவேலு ஏற்கனவே முடிவு கட்டிவிட்டார். அவர் மனைவி தனக்கோடிக்கோ ஒன்பது நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஒன்பது நாளுக்கு முன்னால், வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, மோட்டார் போட அவள் கீழே இறங்கினாள். சுவிட்ச் கட்டடத்தின் பின்பக்கச் சந்தில் இருக்கிறது. பார்சல் பையோடு பைக்கில் வந்த ஒருவன் அவள் பின்னாலேயே நுழைந்தான். பைக்குள்ளிருந்து அவன் எடுத்தது முழ நீளக் கத்தி. துரை கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவரை அவன் சுவரோடு சாய்த்து, தாடையை மேலே தூக்கி, கழுத்தில் கத்தியை வைத்துவிட்டான்.

"கம்ப கீழ போடு துரை" என்று சொன்னவள் தனக்கோடிதான். அடுத்து அவள் செய்த காரியம்தான் அவளைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது. அவன் வாய் திறப்பதற்குள், கழுத்திலிருந்த தாலிச் செயினைத் தன் கையாலேயே கழற்றி நீட்டினாள்.

"இந்தா, எடுத்துக்கினு போ. அவர வுட்ரு. துரை, கேட்டத் தொறந்து வுடு, போய்த் தொலையட்டும்."

கேட்டில் கேமரா உண்டு, சந்தில் கிடையாது. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பார்த்தது இருபது நொடி வீடியோ மட்டும். துரை தன் கையால் கேட்டைத் திறக்கிறார், ஒதுங்கி நிற்கிறார், பைக் போகிறது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு கோப பொம்மையைத் தட்டிவிட்டார்கள்.

அவன் போன கையோடு தனக்கோடி துரையிடம் கெஞ்சினாள். "நானே கழட்டிக் குடுத்தேன்னு யாருக்கும் தெரிய வேணாம். அறுத்துக்கினு பூட்டான்னு சொல்லிடு." துரை தலையாட்டினார். புகார் எழுதிய போலீஸ்காரர் மட்டும், "அறுத்தான்னா கழுத்துல கோடு இருக்குமேம்மா" என்றார். கொக்கி லூசு என்று சமாளித்துவிட்டாள்.

புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஒருத்தி தன் கையாலேயே தாலியைக் கழற்றினாள் என்றால் ஊர் நாலு விதமாகப் பேசும். ஊர் கிடக்கட்டும். ஜெயவேலுவுக்குப் போன வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அவர் லேசாக இருமினால்கூட, தன் கை செய்த பாவம் அவரைத் தொட்டுவிட்டது என்றே அவளுக்குத் தோன்றியது.

அன்றைக்குச் சாயங்காலமே ஜெயவேலு மஞ்சள் கயிறு வாங்கி வந்து, சாமி படத்துக்கு முன்னால் அவளை உட்காரவைத்துக் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை தப்பிப்போய், மூன்றாவது தடவைதான் விழுந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டாள். "பாத்ரூம்ல இருந்துட்டேன், சத்தமே கேக்கல. நான் மட்டும் இருந்திருந்தா அவன் கைய ஒடச்சிருப்பேன்" என்று அதற்குள் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார்.

தினமும் பின்பக்க பால்கனியில் நாற்காலி போட்டு, காபியோடு பேப்பர் படிக்கிற மனிதர், அதற்குப் பிறகு ஹாலிலேயே படித்தார். பால்கனிக் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டார். கொசு வருகிறதாம். அந்த வெள்ளிக்கிழமை பால்கனியில் டம்ளர் கவிழ்ந்து காபி ஓடிக் காய்ந்திருந்ததைத் தனக்கோடிதான் துடைத்தாள். பூனை தட்டிவிட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கூட்டம் தொடங்கியது. மூன்றாவது மாடி சக்திவேல் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். அவன்தான் முதலில் பேசினான். "நான் யாரையும் தப்பா சொல்லல அங்கிள். செக்யூரிட்டின்னு ஒருத்தர் இருக்கார், கைல ஸ்டிக் இருக்கு. அட்லீஸ்ட் ஒரு அடி அடிச்சிருக்கலாம்ல? ரெட் கார்ப்பெட் போடாத குறையா கேட்டைத் திறந்து விட்டிருக்கார்."

"கத்தி வெச்சிருந்தவன நீங்களா இருந்தா அடிப்பீங்களா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ஜெயஸ்ரீ.

"என் வேலை அது இல்லையே மேடம்."

"குத்து வாங்கிச் சாகறது மட்டும் அவர் வேலையா?"

சக்திவேல் செல்போனைப் பார்த்தான். மற்றவர்கள் பொதுவாக முனகினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அடுத்தவனுடைய வீரத்தை அளப்பதில் நமக்கெல்லாம் எப்போதும் ஒரு சுகம்தான்.

துரை கேட்டோரமாக நின்றார். மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், தோள் எலும்பு நழுவியதால் இந்த வேலைக்கு வந்தவர். வெயில் கொளுத்துகிறது, ஆனால் சட்டையின் மேல் பட்டனைக்கூட அவிழ்க்காமல் காலரை இறுக்கியிருந்தார். கேட்டை ஒட்டிய அறையில் அவர் மனைவி குப்பம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள்.

"நீ இன்னா சொல்ற துரை?" என்று கேட்டார் ஜெயவேலு. ஆனால் துரையின் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

"சொல்றதுக்கு ஒண்ணியும் இல்ல சார். கேட்ட நான்தான் தொறந்தேன்."

அந்தச் சாக்கைப் பார்த்த பிறகு தனக்கோடியால் உட்கார முடியவில்லை. எழுந்தாள்.

"தொறக்கச் சொன்னது நான். கம்ப கீழ போடச் சொன்னதும் நான்தான். செயின அவன் அறுக்கல, நானே கழட்டிக் குடுத்தேன். துரை, அந்த பட்டன அவுத்துக் காட்டு."

துரை தயங்கித் தயங்கி அவிழ்த்தார். கழுத்தின் பக்கவாட்டிலிருந்து தொண்டை வரைக்கும் பொருக்குத் தட்டிய கோடு.

"இவரு உயிரா, என் தாலியான்னு யோசிக்க நேரமில்ல. யோசிச்சிருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். யாரையாச்சும் அனுப்பணும்னா என்ன அனுப்புங்க."

எல்லாரும் ஜெயவேலுவைப் பார்த்தார்கள். அவளால் மட்டும் பார்க்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பாத்ரூம்ல இல்ல. பால்கனிலதான் நின்னுக்கினு இருந்தேன். எல்லாத்தையும் பாத்தேன். எறங்கி வர எண்ணிப் பதினாலு படிதான். கால் நவுரல. கத்தலாம்னா தொண்டைல சத்தம் வரல. அவன் போனப்புறமும் ரொம்ப நேரம் அப்டியே நின்னேன்." கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "என் பொண்டாட்டிக்காக என்னாலயே எறங்க முடியல. இவரு ஓடியாச்சும் வந்தாரு. இவர அனுப்பிட்டா அது மறந்து பூடும்னு பாத்தேன்."

ஒன்பது நாள் பொங்கிப் பொங்கி அடங்கிய நெஞ்சில் தனக்கோடிக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. சுற்றி ஆட்கள் இருப்பதையே மறந்து கேட்டாள்.

"அப்ப, நான் கழட்டுனது தெரிஞ்சேதான் கயிறு கட்டுனீங்களா?"

"தெரிஞ்சேதான்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் இறங்கி வராதது பற்றி ஒரு துளிக் கோபம்கூட வரவில்லை, அவர் இறங்கி வந்திருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்றுதான் பதறினாள்.

கூட்டத்தை யாரும் முடித்துவைக்கவில்லை. அதுவாகக் கலைந்தது. சக்திவேல் போகும்போது துரையின் பக்கத்தில் நின்று, "டாக்டர்கிட்ட காட்டினீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனான். தனக்கோடி அறை வாசலுக்குப் போய், குப்பம்மாவோடு சேர்ந்து சாக்கின் முடிச்சை அவிழ்த்தாள்.

ஜெயவேலு கேட்டருகில் வந்து நின்றார். "மன்னிச்சுக்க துரை."

"அத வுடு சார். நீங்க மேல நின்னது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எப்டி?"

"தாடையத் தூக்கிப் புடிச்சிக்கினு இருந்தான்ல. நான் மேலதான பாக்க முடியும். நீங்க கம்பியப் புடிச்சிக்கினு நின்னீங்க. எறங்கி வந்துடாத சார், ஸ்டென்ட் வெச்ச ஒடம்பு, எறங்கி வந்துடாதன்னு மனசுக்குள்ள சொல்லிக்கினே இருந்தேன்."

ஜெயவேலு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை ஜன்னலும் பார்த்திருக்க, வாய்விட்டு அழுதார். தனக்கோடி வந்து அவர் கையைப் பிடித்து மெல்லப் படியேற்றிக் கூட்டிப்போனாள். வீட்டுக்குள் போனதும் அவர் நேராகப் பின்பக்கம் போய் பால்கனிக் கதவின் தாழை எடுத்தார்.

"கொசு வரும்" என்றாள்.

"வரட்டும்" என்றார்.