கணுக்காலுக்கு வந்த பந்து

நாளைக்கு டென்னிஸ் அணிக்கான தேர்வு ஆட்டம். புறங்கைப் பக்கமாகப் பேக்ஹேண்ட் அடிக்கும்போது கால் நகராவிட்டால் எனக்கு அணியில் இடமில்லை. அதனால் அண்ணன் வலைக்கு அந்தப் பக்கம் பந்துக் கூடையோடு நின்றுகொண்டு, நான் அசையாமல் நின்றபோதெல்லாம் என் கணுக்காலைப் பார்த்து ஓங்கி அடித்தான். தோல் கிழிந்து காலுறை சிவந்துவிட்டது.

"நட்டுவெச்ச கம்பம் மாதிரி நிக்காதடி! குதிச்சுக்கிட்டே இரு!"

"வலிக்குதுண்ணா."

"நாளைக்கு எதிர்ல ஆடுறவகிட்ட சொல்லு, பாவம் பார்ப்பா."

அடுத்த பந்தும் காலுக்கே வந்தது. சின்னச் சின்ன எட்டு வைத்துப் பின்வாங்கி, தோளைத் திருப்பி, முன்காலில் எடையைப் போட்டு மட்டையை வீசினேன். பந்து அவன் வாயில் போய் அறைந்தது. ரத்தத்தோடு ஒரு பல்லையும் துப்பினான்.

"இப்பத்தான்டி கால் வந்திருக்கு. இன்னொன்னு அடி," என்று கூடைக்குள் கையை விட்டான்.

நான் குதிக்கத் தொடங்கினேன். மறுபடியும் அவன் வாயையே குறிபார்த்தேன்.